முதலாளியின் புதுத் தொட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை முகம் கழுவிவிட்டு வந்த அண்ணன், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மீன்தொட்டி முன்னால் போய் நின்றான். நின்றபடியே, "பாப்பா, இவனுக்குப் பெரிய தொட்டி வேணும்" என்றான்.

அடுப்படியில் இருந்த தங்கைக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. பதினான்கு மாதமாக அண்ணன் வாயிலிருந்து "வேணாம்" வந்திருக்கிறது, "சரி" வந்திருக்கிறது, "நீ சாப்பிடு" வந்திருக்கிறது. "வேணும்" மட்டும் வந்ததே இல்லை. வேறு வீடாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பார்கள். அவளோ அடுப்பை அணைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்க்க வந்தாள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இருபது வருட வேலையில் பன்னிரண்டு வருடம் ஒரே கூட்டாளியோடு. ஒருவர் மேலே மோட்டார் அறையில் நின்றால் மற்றவர் கீழே குழிக்குள் இறங்குவார், மறுநாள் மாற்றிக்கொள்வார்கள். பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில், குழிக்குள் இறங்கும் முறை கூட்டாளிக்கு வந்தது. மேலே நின்ற அண்ணனுக்கு "சரி" என்று ஒரு குரல் கேட்டது. சுவிட்சைப் போட்டான். பெட்டி இறங்கியது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

பிரேக் தேய்ந்திருந்தது, மெக்கானிக் மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தார்கள். அண்ணன் அந்தத் தாளை இரண்டாவது முறை படிக்கவில்லை. தன் அறைக்குள் போனவன்தான், மாதக்கணக்கில் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. அந்த நாட்களில் தங்கை பழகிக்கொண்டவை பல. சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்கப் பழகினாள். மாத்திரை டப்பாவைத் தன் கைப்பையிலேயே வேலைக்கு எடுத்துப்போகப் பழகினாள். வாசலில் அவன் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பாள்.

அப்படி இருந்தபோதுதான் கூட்டாளியின் மனைவி வீடு மாற்றினாள். போகிற வழியில் ஒரு மூன்றடித் தொட்டியையும் அதற்குள் உள்ளங்கை அளவு ஆஸ்கர் மீன் ஒன்றையும் கொண்டுவந்து இறக்கினாள். "அவர் ஆசையா வாங்கினது. பார்த்தா எனக்கு அழுகைதான் வருது. உங்க வீட்ல இருக்கட்டும்" என்று வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் அந்த மீன் விடுகிற ரகம் இல்லை. காலை ஆறு மணிக்குத் தீனி வராவிட்டால் வாலால் தண்ணீரை அடித்துத் தரையெல்லாம் நனைக்கும். கண்ணாடியில் மூக்கை முட்டி டொக் டொக்கென்று தட்டும். ஒரு நாள் அந்தச் சத்தம் பொறுக்காமல் அறைக்கதவு திறந்தது. அண்ணன் வந்து ஒரு பிடி தீனியைப் போட்டான். மீன் தின்றுவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தது. "சம்பளம் குடுக்கிறவன் மாதிரி பார்க்கிறான் பாரு" என்றான் அண்ணன். அன்றிலிருந்து அதற்கு முதலாளி என்று பெயர்.

முதலாளி இப்போது முழங்கை நீளம் வளர்ந்துவிட்டான். தொட்டிக்குள் திரும்ப வேண்டுமென்றால் உடம்பை வளைத்து, வால் கண்ணாடியில் உரச, குறுகலான சந்தில் லாரி திரும்புவதுபோலத் திரும்பினான். பெரிய தொட்டி வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. தங்கைக்குப் பயம் வேறு. இடம் மாற்றும்போது மீன் செத்துவிட்டால்? செத்துப்போனவனின் மீன், மறுபடியும் அண்ணன் கையில். அந்த அறைக்கதவு இனி ஒருமுறை சாத்தினால் திறக்குமா?

"இப்பவே மாத்தணுமா அண்ணா? இன்னும் ரெண்டு மாசம் போகட்டுமே."

"மூச்சுத் திணறுதுடி அவனுக்கு. மூணடியில ஆறடி ஆளைப் படுக்க வச்ச மாதிரி" என்றான் அண்ணன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வண்ணமீன் கடைக்கு இரண்டு பேரும் நடந்தே போனார்கள். வழியெல்லாம் அவள் மீன்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். கண் மட்டும் அவன் முகத்திலேயே இருந்தது.

கடைக்காரர் பெரிய மீசையும் அதைவிடப் பெரிய வாயும் உள்ளவர். ஐந்தடி நீளத் தொட்டி ஒன்றைத் தட்டிக் காட்டினார். ஐந்நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். "தொட்டி வாங்கறது பெரிசு இல்லைங்க. ஃபில்டர்லதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க" என்றார்.

தங்கை அலமாரியில் இருந்த ஒரு பெட்டியை எடுத்துப் படித்தாள். "இதுல ஐந்நூறு லிட்டர் வரைக்கும் போதும்னு போட்டிருக்கே."

"பெட்டியில போட்டிருக்கறது கல்யாணத் தரகர் சொல்ற வயசு மாதிரிம்மா. உள்ளே ஒண்ணுமே இல்லாம வெறும் தண்ணிய ஓடவிட்டு அளந்த கணக்கு அது. ஸ்பாஞ்ச் வச்சு, பீங்கான் வளையம் போட்டு, ரெண்டு வாரம் அழுக்கும் சேர்ந்துச்சுன்னா பாதிதான் ஓடும். அதுவும் விரல் அளவு மீனுக்குச் சொன்னது. உங்க ஆளு என்ன சைஸ்?"

அண்ணன் முழங்கையைக் காட்டினான்.

கடைக்காரர் சிரித்தார். "அது மீன் இல்லைங்க, எருமை. தின்னுறதும் அப்படி, கழியறதும் அப்படி. தொட்டித் தண்ணி முழுசும் மணிக்கு எட்டுத் தடவையாவது ஃபில்டருக்குள்ள போய்ட்டு வரணும். இந்தப் பெட்டி யானைப் பசிக்குச் சோளப்பொரி."

அவர் காட்டியது தொட்டிக்கு வெளியே, அடியில் உள்ள அலமாரிக்குள் நிற்கிற ஃபில்டர். மூடி போட்ட பெரிய வாளி மாதிரி இருந்தது. ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கும், அடுக்கடுக்காக வைத்த ஸ்பாஞ்சிலும் வளையங்களிலும் புகுந்து இன்னொரு குழாய் வழியாக மேலே ஏறும். தங்கை டயாலிசிஸ் டெக்னீஷியன். தினமும் மனிதர்களின் ரத்தத்தை ஃபில்டருக்குள் விட்டு எடுப்பவள். அதனால் குழாயைத் திருகிப் பார்த்தாள், இணைப்பை இழுத்துப் பார்த்தாள், "இது நின்னுட்டா?" என்று கேட்டாள்.

பதில் அண்ணனிடமிருந்து வந்தது. "ரெண்டு வைக்கலாம். எந்த லிஃப்ட்டையும் ஒத்தைக் கயித்துல தொங்க விடமாட்டோம்."

லிஃப்ட் என்ற சொல்லை அவன் சொல்லிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் பாட்டுக்குத் தொட்டியின் கண்ணாடி மூலையைத் தடவிக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நாளைய ஷிஃப்ட்டை யாரோ மாற்றிக் கேட்டார்கள். அவள் தெருவில் இறங்கி நின்று பேசினாள். ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்தில்தான் கடைக்காரர் அண்ணனிடம், "பழைய ஃபில்டர்ல இருக்கிற ஸ்பாஞ்சை அப்படியே எடுத்துப் புது ஃபில்டர்ல போட்டுடுங்க. அதான் உயிர்நாடி" என்று சொன்னார். அவள் திரும்பி வந்தபோது பேச்சு மாறியிருந்தது. பெரிய ஃபில்டர் கையிருப்பில் ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது பத்து நாளில் வரும் என்று முடிவாயிற்று.

தொட்டி வியாழக்கிழமை வந்தது. அவர்கள் இருந்தது முதல் மாடி. கீழ்வீட்டில் ஒரு தையல்காரம்மா. கூடத்துக்கு நேர் கீழேதான் அவளுடைய மெஷின். மேலே வந்து தொட்டியைப் பார்த்ததும் அவள் மார்பில் கை வைத்துக்கொண்டாள். "ஏங்க, இது முழுக்கத் தண்ணி ஊத்தினா என் தலையில வந்து உக்காராதே?"

"எட்டுப் பேர் ஏறுற லிஃப்ட்ல எட்டுப் பேரும் நின்னா என்ன கனமோ, அதைவிடக் கொஞ்சம் கூட" என்றான் அண்ணன். "நடுக் கூடத்துல வச்சா தப்பு. அடியில உத்தரம் ஓடுற சுவரை ஒட்டி வைக்கிறேன். நீங்க நிம்மதியா தைங்க."

சுவரைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டான். கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய வேலைப் பையை இழுத்து, சாய்வு பார்க்கிற ரசமட்டத்தை எடுத்து, தொட்டியைத் தாங்கும் அலமாரியின் நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தான். தொட்டி அசையாமல் உட்கார்ந்தது. அப்படியும் தண்ணீர் ஏற ஏற மரம் ஒருமுறை க்ரீச்சென்றது. தங்கை இரண்டடி பின்னால் நகர்ந்தாள். கீழேயிருந்து "ஐயோ" என்று தையல்காரம்மாவின் குரல் கேட்டது. அண்ணன் மட்டும் அசையவில்லை. "மரம் உக்காருது. அவ்வளவுதான்."

குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்கிற மருந்தைக் கலந்து, பாதி பழைய தண்ணீரையும் ஊற்றி முடித்தபோது மதியம் ஆகிவிட்டது. அண்ணன் களைத்துப்போய், "பழைய ஸ்பாஞ்சைப் புதுசுல போட்டுடு பாப்பா, நான் சித்த நேரம் படுக்கறேன்" என்றான். அவன் பகலில் களைத்துத் தூங்குவதைப் பார்த்தே எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவள் சத்தம் போடாமல் பழைய ஃபில்டரைக் குளியலறைக்கு எடுத்துப்போய்த் திறந்தாள்.

சாக்கடை நாற்றம். ஸ்பாஞ்ச் கறுத்து, கொழகொழவென்று பாசி பிடித்துக் கிடந்தது. இதையா புதுத் தொட்டியில் போடுவது? வேலையிடத்தில் தினமும் செய்வதை அவள் கை தானாகச் செய்தது. ப்ளீச்சைக் கலக்கிய தண்ணீரில் ஸ்பாஞ்சை அரைமணி நேரம் ஊறப்போட்டாள். மூன்று தடவை அலசினாள். குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரிக் காகிதப் பட்டையால் சோதித்துக்கூடப் பார்த்தாள். துளியும் இல்லை. பால்வெள்ளையாக ஆன ஸ்பாஞ்சைப் புது ஃபில்டரில் வைத்து மூடினாள். "போட்டுட்டேன்" என்றாள், எழுந்து வந்த அண்ணனிடம்.

முதல் இரண்டு நாள் முதலாளி ராஜநடை நடந்தான். தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நீந்தித் திரும்பி, "இவ்வளவுதானா?" என்பதுபோல் பார்த்தான். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டான். மூன்றாம் நாள் மீன் தீனியை வாயில் வாங்கித் துப்பியது. நான்காம் நாள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து காற்றைக் குடித்தது. செவுள் ஓரம் சிவந்து, துடுப்புகள் உடம்போடு ஒட்டிக்கொண்டன.

"என்னடி ஆச்சு?" அண்ணனின் குரலே மாறியிருந்தது. "எல்லாம் சரியாத்தானே பண்ணினேன்?"

மறுநாள் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரத்தில் அவள் கடைக்காரருக்குப் போன் செய்தாள்.

"பழைய ஸ்பாஞ்சைப் போட்டீங்கல்ல?"

"போட்டேன். நல்லாக் கழுவித்தான் போட்டேன்."

கடைக்காரர் மெதுவாகக் கேட்டார். "எதுலம்மா கழுவினீங்க?"

அவள் சொன்னாள்.

"அம்மா, அந்த அழுக்குதான்மா ஃபில்டர். மீன் கழியற விஷத்தைத் தின்னுற பாக்டீரியா அத்தனையும் அதுலதான் குடியிருக்கு. ஸ்பாஞ்ச் வெறும் வீடு. நீங்க வீட்டை வச்சுக்கிட்டுக் குடும்பத்தைக் கொன்னுட்டீங்க. இப்போ தொட்டி முழுக்க அம்மோனியா ஏறியிருக்கும். தினமும் பாதித் தண்ணி மாத்துங்க. என் கடைத் தொட்டியில ஓடிட்டிருக்கிற பழைய ஸ்பாஞ்ச் ஒண்ணு தரேன், வந்து வாங்கிக்கங்க. தாமதிச்சா தாங்காது."

அம்மோனியா என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரத்தத்தில் அழுக்குத் தேங்கினால் மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்பதை நாளெல்லாம் பார்க்கிறவள்தானே.

அன்று சாயங்காலம் ஷிஃப்ட் முடியத் தாமதமாகி, கடைக்குப் போக முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினாள். அண்ணன் உதவிக்கு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தன் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நான் தொட்டது எது பாப்பா நிலைச்சிருக்கு?"

"அண்ணா..." வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. நான்தான் அண்ணா கெடுத்தேன், நீ இல்லை. சொல்ல வாயெடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அறைக்குள் அடைந்துகிடந்த மாதங்களின் அதே முகம். இதை இப்போது சொன்னால் என்ன ஆகும்? கோபப்படுவானா, உடைந்துபோவானா? நாளைக்கு ஸ்பாஞ்சை வாங்கிப் போட்டுவிட்டால் மீன் தேறிவிடும்; சொல்லவே வேண்டியிருக்காது. "தண்ணி மாறினதுல ஏதோ ஒத்துக்கலை. சரியாயிடும்" என்றாள். அவன் எழுந்து போய்த் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் வேலையிடத்திலிருந்து பதினொன்றரைக்கு அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. பன்னிரண்டரைக்கு அழைத்தாள். ஒன்றேகாலுக்கு மூன்று தடவை அழைத்தாள். ஊசி குத்தக் காத்திருந்த நோயாளிப் பெரியவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "கை நடுங்குதும்மா, வேற யாரையாவது குத்தச் சொல்லு" என்றார். அவள் பொறுப்பைப் பக்கத்திலிருந்தவளிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினாள்.

வாசலில் அண்ணனின் செருப்பு இல்லை.

தன் சாவியால் கதவைத் திறந்தாள். "அண்ணா!" அறைக்கதவு திறந்தே கிடந்தது. படுக்கை மடித்து வைத்திருந்தது. அவன் படுக்கையை மடித்து வைப்பவன் இல்லை. மேசையில் போன். திரையில் அவளுடைய அழைப்புகள் வரிசையாக நின்றன. தொட்டியின் மூலையில் முதலாளி ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையோடு கிடந்தான். செவுள் மட்டும் எப்போதாவது அசைந்தது. கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். வேலைப் பை இல்லை.

படியிறங்கி ஓடினாள். தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். "உங்க அண்ணனா? பதினோரு மணி இருக்கும், போனாரே. கையில அந்தப் பழைய பை. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கல."

வேலைப் பையோடு அண்ணன் எங்கே போவான்? அவளுக்கு ஒரே ஓர் இடம்தான் தோன்றியது.

கிடைத்த வண்டியில் ஏறி அந்த ஒன்பது மாடிக் கட்டடத்துக்குப் போனாள். வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. நேற்றுச் சொல்லியிருந்தால், நேற்றே சொல்லியிருந்தால் என்று மனம் அதையே அரைத்தது. வாசலில் இருந்த காவலாளி அவள் கேட்டதும் பதிவேட்டைப் புரட்டினார். "ஆமாம்மா, லிஃப்ட் வேலைக்குன்னு ஒருத்தர் பையோட வந்தார். மேல மோட்டார் ரூம்லதான் இருக்கணும்."

ஒன்பது மாடி ஏறக் கால்கள் வராது. லிஃப்ட்டுக்குள் போய்ப் பொத்தானை அழுத்தினாள். இதே பெட்டி. கதவு மூடியது. மூன்று, நான்கு, ஐந்து. காலுக்குக் கீழே இருக்கும் வெற்றிடத்தை அவளால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஏழில் ஒரு குலுக்கல். சுவரைப் பற்றிக்கொண்டாள். ஒன்பதில் கதவு திறந்ததும் விழுந்தடித்துக்கொண்டு இரும்புப் படியேறி, மொட்டை மாடியில் இருந்த சின்ன அறையின் கதவைத் தள்ளினாள். "அண்ணா!"

உள்ளே யாரோ ஒருவர் தரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடுத்தர வயது, எண்ணெய்க் கறை படிந்த சட்டை. பக்கத்தில் அதே மாதிரி ஒரு பை. கவளம் பாதியில் நிற்க அவளைப் பார்த்தார்.

அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாய் குழறி, யாரைத் தேடி வந்தாள் என்று சொன்னாள். அந்த மெக்கானிக் டப்பாவை மூடி வைத்தார்.

"அவர் தங்கச்சியா நீங்க? இங்க வரலைங்க. காலையிலேர்ந்து நான்தான் இருக்கேன். முதல்ல தண்ணி குடிங்க." பாட்டிலை நீட்டினார். "விபத்துக்கு அப்புறம் அந்த பிரேக்கைக் கழட்டினவன் நான்தான். ரெண்டு விரல் கனம் இருக்க வேண்டியது நகம் கனம் இருந்துச்சு. அன்னிக்கு மேல நான் நின்னிருந்தாலும் அதான் நடந்திருக்கும். அவர்கிட்ட சொல்லணும்னு நினைப்பேன். எப்படிப் போய்ச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

இங்கே இல்லையென்றால் வேறு எங்கே? ஆறு, ரயில் பாதை என்று மனம் போகக் கூடாத இடத்துக்கெல்லாம் போனது. கைப்பிடிச் சுவரை எட்டிக் கீழே பார்க்கவும் துணிவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அப்போது போன் அடித்தது. தையல்காரம்மா.

"உங்க அண்ணன் வந்துட்டாரும்மா. நல்லாத்தான் இருக்கார். ஆனா பையிலேர்ந்து என்னமோ சொட்டிட்டே போகுது, படியெல்லாம் நாத்தம். நீங்க வந்து கழுவிக் குடுத்துடுங்க."

போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அந்நிய மெக்கானிக் முன்னால் அவள் ஓவென்று அழுதாள்.

அவள் வீடு வந்தபோது அண்ணன் தொட்டி முன்னால் மண்டியிட்டிருந்தான். முழங்கை வரை கறுப்பு. ஃபில்டர் திறந்து கிடந்தது; கறுத்துக் கொழகொழத்த ஸ்பாஞ்ச் ஒன்றை உள்ளே அழுத்திக்கொண்டிருந்தான். தொட்டித் தண்ணீர் காப்பி நிறத்தில் இருந்தது. முதலாளி இன்னும் சாய்ந்தே கிடந்தான்.

"எங்க போனே அண்ணா? போனை ஏன் வச்சுட்டுப் போனே?"

"மறந்துட்டேன். கடைக்குப் போனேன். திரும்பி வர்றப்போ பஸ்ல நாத்தம் தாங்கலைன்னு பாதி வழியில இறக்கி விட்டுட்டாங்க. நடந்து வந்தேன்." அவன் திரும்பவில்லை.

அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இனி விழுங்க முடியாது. "அண்ணா, ஸ்பாஞ்சை நான் ப்ளீச்சுல போட்டுக் கழுவிட்டேன். அதனாலதான். உன் கை இல்லை. நான்தான்."

"தெரியும். கடைக்காரர் சொன்னார். தங்கச்சிதான் நேத்தே போன் பண்ணிக் கேட்டுட்டாங்களேன்னார்."

ஃபில்டர் மூடியைப் பூட்டிவிட்டு அவன் அவள் பக்கம் திரும்பினான். கண்கள் சிவந்திருந்தன. கோபம்தான், அவன் கோபப்பட்டே வெகுகாலம் ஆகியிருந்தது.

"நேத்து சாயங்காலம் என் கையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேனே, பார்த்தேல்ல? அப்போ ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"எதுக்கு?"

"உன்னை நினைச்சு."

அவன் சுவிட்சைப் போட்டான். ஃபில்டர் மோட்டார் உறுமித் தண்ணீரை இழுக்கத் தொடங்கியது. "ஒரு வருஷமா என்னைப் பார்த்துப் பார்த்து நீ பயப்படுறே. மாத்திரையைப் பையில தூக்கிட்டுப் போறே, கதவுக்கு வெளியே வந்து நிக்கிறே. எல்லாம் தெரியும். அதைப் பார்த்தா எனக்கே என்னை நினைச்சா பயமா இருக்குடி."

இருவரும் அழுதார்கள் என்று சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும். அழவில்லை. "வாளியப் பிடி" என்றான் அவன். இருட்டும்வரை தண்ணீர் எடுத்தார்கள், ஊற்றினார்கள். அவள் ஒருமுறை கால் வழுக்கிக் கூடம் முழுக்கக் கொட்டினாள். கீழேயிருந்து தையல்காரம்மா மேற்கூரையைக் கம்பால் தட்டினாள்.

மீன் பிழைக்குமா என்பது அன்றைக்குத் தெரியவில்லை, மறுநாளும் தெரியவில்லை. காலையும் மாலையும் சோதனைக் குழாயில் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டார்கள். பச்சையாக மாறினால் விஷம், மஞ்சளாகவே நின்றால் நல்லது. ஐந்து நாள் கரும்பச்சை. ஒவ்வொரு காலையும் அவள் கூடத்துக்குள் வருமுன் கண்ணை மூடிக்கொண்டு, "இருக்கானா?" என்று கேட்பாள். "இருக்கான்" என்று அவன் சொன்ன பிறகுதான் திறப்பாள். ஆறாம் நாள் பச்சை வெளிறியது. அன்று முதலாளி நிமிர்ந்தான். ஒன்பதாம் நாள் தீனியை வாங்கித் துப்பாமல் விழுங்கினான். இடது துடுப்பு கரைந்தது கரைந்ததுதான். இன்றைக்கும் கொஞ்சம் கோணலாகத்தான் நீந்துகிறான். இரண்டாவது ஃபில்டர் வந்தபோது அண்ணன் அவளைக் கிட்டே விடவில்லை. "நீ கண்ணால பாரு. கை வைக்காதே. சுத்தக்காரி."

மொட்டை மாடியில் அந்த மெக்கானிக் சொன்னதை அவள் ஒரு காலைச் சாப்பாட்டின்போது சொன்னாள். பாதி சொல்லும்போதே பயம். ஆனாலும் சொல்லி முடித்தாள். அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "நகம் கனமா?" என்று மட்டும் கேட்டான். இரண்டு நாள் கழித்து, கூட்டாளியின் மனைவியை ஒருமுறை வரச் சொல்லச் சொன்னான்.

அவள் ஒரு முற்பகலில் வந்தாள். தொட்டியைப் பார்த்து, "அடப்பாவி, இத்தனை தடியனா ஆயிட்டியா நீ" என்று சிரித்தாள். சிரித்த வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். தங்கை டீ போட உள்ளே போனாள். டீ கொதித்தது, வடிகட்டினாள், டம்ளர்களில் ஊற்றினாள். தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவளுக்குக் கூடத்திலிருந்து அண்ணனின் குரல் கேட்டது.

"அன்னிக்கு 'சரி'ன்னு ஒரு குரல் கேட்டுச்சும்மா. அது அவன் குரல்தானா, இல்ல நானே நினைச்சுக்கிட்டதான்னு எனக்குத் தெரியல. எவ்வளவு யோசிச்சாலும் தெரியல."

தங்கை அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். டம்ளர்கள் சத்தம் போடாமலிருக்கத் தட்டை வயிற்றோடு அணைத்து அமுக்கிக்கொண்டாள். அந்தப் பெண் என்ன சொல்லப் போகிறாள்? எழுந்து போய்விடுவாளா? வெகு நேரம் ஃபில்டரின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"அவர் எல்லாத்துக்கும் 'சரி'ன்னுதான் சொல்வார்ண்ணா" என்றாள் அந்தப் பெண் கடைசியில். "சாப்பாடு வேணுமான்னு கேட்டாலும் சரிதான், வேணாமான்னு கேட்டாலும் சரிதான். எனக்கும்தான் தெரியாது. தெரியாதுன்னே இருக்கட்டும். எந்திரிங்க, இவனுக்குத் தீனி எங்க இருக்கு? நான் ஒரு பிடி போடறேன்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தண்ணீர் சளப்பென்று அடித்தது. தங்கை மூச்சை விட்டாள். டீ ஆறிப்போயிருந்தது, அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு பேரும் அதையே குடித்தார்கள்.